ஐன் லோஸாவில் ஆறிப்போன காபி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்மணிகளே. கதவோரம் இருப்பவர்களும் உள்ளே தள்ளி வாருங்கள், வெளியே காற்று சரியில்லை. நம் ஐன் லோஸாவில் சட்டம் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றியது யார் என்று கடைசியில் தெரியும்போது சிரிப்பீர்கள். சிரித்து முடித்ததும் எரிச்சல் வரும். எனக்கு இரண்டும் வந்தன. எரிச்சல் இன்னும் போகவில்லை.

அந்த வருடம் சட்ட ஒழுங்கு வாரம் கொண்டாடினார்கள். நம் காவல் நிலைய அதிகாரி மேஜர் கலஃப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசினார். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். மேஜர் நிழலில் நின்றார். சட்டம் இல்லாத ஊரில் வலுத்தவன் வண்டி ஓட்டுவான், இளைத்தவன் ஒதுங்கி நிற்பான் என்றும், அப்படிப்பட்ட ஊர்களைப் பார்த்தால் தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றும் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டினால் சீக்கிரம் விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

விட்டார்கள். வாசலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்த லமீஸை ஒரு வெள்ளை வண்டி அடித்துத் தள்ளியது.

லமீஸுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்து முக்கில் ஊறுகாய்க் கடை வைத்திருக்கிற உம் லமீஸின் ஒரே மகள், 'லமீஸின் அம்மா' என்றுதான் தாய்க்கே பெயர். லமீஸுடைய அப்பா அகாபா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். வண்டியை ஓட்டியவன் ராகான், ஊர்ப் பெரியதலை ஷேக் மிஸ்லிஹின் தங்கை மகன். சிவப்பு விளக்கு எரியும்போதுதான் அவனுக்கு வேகம் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தான். வண்டியை நிறுத்தினான், இறங்கினான், முன்விளக்கு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். உடையவில்லை. லமீஸின் கால்தான் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது பெண் அழவில்லை. கட்டுப் போட்டு முடித்த பிறகு கேட்டாள்.

"அவன் மறுபடியும் அந்த வழியா வருவானா, யம்மா?"

"வரமாட்டான்டி. சட்டம்னு ஒண்ணு இருக்கே."

இந்த ஒரு வார்த்தைதான், கண்மணிகளே. தாய் மகளுக்குக் கொடுத்த வார்த்தை. மற்றதெல்லாம் அதைக் காப்பாற்றப் பட்ட பாடு.

மறுநாளே அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். கார்ப்பரல் உத்பா மரியாதையாக உட்காரவைத்தார், கசப்புக் காபி ஊற்றிக் கொடுத்தார். எந்த விருந்தாளி வந்தாலும் அந்த நிலையத்தில் காபி உண்டு. அது ஒன்றில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு விசாரணை நடந்தது. உங்கள் மகள் சீட் பெல்ட் போட்டிருந்தாளா என்று கேட்டார். நடந்து போனாள் என்றாள் இவள். நடப்பதற்கு முன் வண்டி வருகிறதா என்று பார்த்தாளா? விளக்கைப் பார்த்தாள், அது வண்டியை நிற்கச் சொன்னது. அப்படியானால் வண்டியைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தாள் என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

புகாரை வாங்கிக்கொண்டார். ஆனால் கோர்ட்டுக்கு இப்போதே அனுப்ப முடியாது, ஜாஹா வந்து போகட்டும் என்றார்.

"ஜாஹா வந்துட்டுப் போனா உங்களுக்கே கேஸ் வேணாம்னு தோணிடும், அக்கா."

"தோணலைன்னா?"

உத்பா யோசித்தார். "அப்படி இதுவரைக்கும் யாருக்கும் தோணாம இருந்ததில்லையே," என்றார்.

ஜாஹா என்றால் பெரிய மனிதர்கள் கூட்டமாக வந்து ஒன்றைக் கேட்பது. ரத்தப் பகை தீரவும் வருவார்கள், பெண் கேட்கவும் வருவார்கள். வந்தவர்களுக்கு வீட்டார் காபி ஊற்றுவார்கள். அவர்கள் கோப்பையை வாங்கித் தரையில் வைத்துவிடுவார்கள். கேட்டது கிடைத்தது என்று வீட்டார் வாயால் சொன்ன பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகும். குடிக்காமல் எழுந்துபோனால் அந்த வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் இருக்க நம் முன்னோர் கண்டுபிடித்த வழி. நல்ல வழிதான். வெட்ட வந்தவன் கையைக் கட்டத்தான் அது ஏற்பட்டது. கால் உடைந்தவளின் வாயைக் கட்ட ஏற்பட்டதில்லை.

முதல் ஜாஹா வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வந்தது. ஷேக் மிஸ்லிஹ் தங்கச் சரிகை போட்ட அங்கியில் முன்னால் வந்தார். பின்னால் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில், சீருடை இல்லாமல், புகாரை வாங்கிய அதே கார்ப்பரல் உத்பா. இன்று நான் விடுமுறையில் இருக்கிறேன் என்று உம் லமீஸிடம் தனியாகச் சொன்னாராம்.

ஜாஹா ஆண்களிடம்தான் பேசும். வீட்டில் இருந்த ஒரே ஆண் அவளுடைய மாமனார் ஹாஜி ஃபலாஹ். தொண்ணூறைத் தொட்டவர். காது நன்றாகக் கேட்கும், காலைச் சாப்பாடு என்ன என்பதுதான் மதியம் நினைவிருக்காது. அவர் மகிழ்ந்துபோனார். தன் கையாலேயே காபி ஊற்றினார். கோப்பைகள் வரிசையாகத் தரையில் இறங்கின. ஷேக் மிஸ்லிஹ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் இரு குடும்பங்களும் ஒரே குடும்பம், என் பிள்ளை உங்கள் பிள்ளை, உங்கள் வீட்டுப் பெண் எங்கள் வீட்டுப் பெண், நடந்ததை மறந்து இந்த உறவை உறுதிப்படுத்துங்கள் என்று பேசப் பேச, கிழவரின் முகம் சிவந்தது.

"எங்க பொண்ணுக்கு வயசு பத்தாது, ஷேக். படிச்சுக்கிட்டிருக்கா. அதோட கால் வேற உடைஞ்சிருக்கு, எவனோ ஒரு முட்டாப் பய வண்டியை ஏத்திட்டான். கல்யாணப் பேச்சை இப்ப எடுக்காதீங்க. காபியைக் குடிக்காதீங்க, கிளம்புங்க."

ஷேக் மிஸ்லிஹ் விளக்கப் பார்த்தார். விளக்க விளக்கக் கிழவருக்கு ஒன்று மட்டும் தெளிவானது: வண்டியை ஏற்றியவனே மாப்பிள்ளை. கைத்தடியைத் தேட ஆரம்பித்தார். ஜாஹா எழுந்துவிட்டது. மறுநாள் இரண்டு பெண்கள் உம் லமீஸின் கடைக்கு வந்து, நல்ல இடமாம், ஏன் வேண்டாமென்று விட்டாய் என்று கேட்டுவிட்டு, கத்தரிக்காய் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்குள் கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். லமீஸ் வீட்டுக்குள் நடந்தாள், மாடிப்படி ஏறினாள், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை வருவாள். அந்த நேரம் பார்த்து வெள்ளை வண்டி முக்கில் திரும்பும் சத்தம் கேட்கும். ராகான் தினமும் அந்த வழியாகத்தான் வந்தான். வராமல் இருக்க அவனுக்கு என்ன காரணம்? பையைக் கழற்றி வைத்துவிடுவாள். தாயிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தாலாவது உம் லமீஸ் இரண்டு அதட்டு அதட்டியிருப்பாள்.

இரண்டாவது ஜாஹா ஹாஜி ஃபலாஹை நம்பி வரவில்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. தெருவை அடைக்க அனுமதி உண்டா என்று பேக்கரி வைத்திருக்கிற ஷம்ஸா கேட்டதற்கு, அனுமதி கொடுப்பவரே வருகிறார் என்றார்கள். நகராட்சித் தலைவர் வந்தார், பள்ளிக்கூடங்களுக்கு மேலதிகாரி ஒருவர் வந்தார், மேஜர் கலஃப் பதக்கங்களோடு முழுச் சீருடையில் வந்தார். எதில் வந்தார்கள் என்று கேளுங்கள். அந்த வெள்ளை வண்டியில் வந்தார்கள். நம் ஊரில் பெரியவர்கள் வசதியாக உட்காருகிற வண்டி அது ஒன்றுதானாம். ஓட்டி வந்தவன் ராகான். நிறுத்தியது பள்ளிக்கூட வாசல் நடைபாதையில்.

மாடி ஜன்னலில் நின்ற லமீஸ் அதைப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் அன்று கோப்பை கழுவிக்கொடுக்கப் போயிருந்தேன். வா, வந்து ஒரு வாய் சாப்பிடு என்றேன். வரவில்லை.

வெளியே காபி ஊற்றியாயிற்று. கோப்பைகள் தரையில். மேஜர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் பேசியதைவிட நன்றாகப் பேசினார், இங்கே எல்லாருக்கும் நிழல் இருந்தது.

"சட்டம் நமக்கெல்லாம் தலைமேல இருக்கு, நம்ம தலைத்துண்டு மாதிரி. தலைத்துண்டை எடுத்து யாராவது தரையைத் துடைப்பாங்களா? சட்டம் விலை கூடின சாமான். ஒரு பொண்ணோட கால், அதுவும் ஒத்தக் கால், இதுக்கெல்லாம் எடுத்துச் செலவு பண்ணிட்டா, நாளைக்குப் பெரிய குத்தம் ஒண்ணு வந்தா நான் எதை எடுத்து நீட்டுறது? இந்தப் பையன் ராகானை எனக்கு நல்லாத் தெரியும். சிவப்பு விளக்கைத் தாண்டினதுக்கு நானே எத்தனையோ தடவை இவனைப் பிடிச்சு, மன்னிச்சு அனுப்பியிருக்கேன். ஒரு தடவைகூட முகம் சுளிச்சதில்ல. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பையன்."

நகராட்சித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் உம் லமீஸ் திரையை விலக்கி வெளியே வந்தாள். ஆண்கள் சபையில் பெண் வந்து நின்றால் எல்லாரும் தரையைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். தரையில் கோப்பைகள் இருந்தன.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, மேஜர். நாளைக்கு இவன் அந்தப் பள்ளிக்கூட வழியா வண்டியில வருவானா, மாட்டானா?"

மேஜர் ஷேக் மிஸ்லிஹைப் பார்த்தார். ஷேக் ராகானைப் பார்த்தார். ராகான் தன் கைப்பேசியைப் பார்த்தான்.

அது சின்ன விஷயம், நாம் பேச வந்தது பெரிய மனதைப் பற்றி என்றார் ஷேக். ரோடு எல்லாருக்கும் பொதுவானது, ஒருவனை மட்டும் வராதே என்று சொல்வது சட்டத்துக்கு முன் எல்லாரும் சமம் என்பதற்கு விரோதம் என்றார் மேஜர்.

"அப்ப காபி ஆறிடுச்சு," என்றாள் உம் லமீஸ். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பந்தலுக்கடியில் விட்டுப்போன கோப்பைகளை நான்தான் பொறுக்கினேன். அத்தனையும் நிறைந்தபடி இருந்தன.

பிறகு ஊர் அவள்மேல் ஏறி உட்கார்ந்தது. மேஜரையே குடிக்காமல் அனுப்பியவள் என்று பேசினார்கள். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கல்நெஞ்சக்காரி என்றார்கள், ஒழுங்கு தெரியாதவள் என்றார்கள். இந்த இரண்டாவது சொல்தான் அவளைச் சுட்டது. அகாபாவிலிருந்து அவள் கணவர் கூப்பிட்டார். அவருடைய முதலாளியிடமும் யாரோ பேசியிருந்தார்கள்.

"அந்தக் கோப்பை அகாபா வரைக்கும் வந்துடுச்சு, உம் லமீஸ்."

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"நீ அவளுக்கு என்ன சொன்னியோ அதைச் செய். வேலை போனா வேற லாரி இருக்கு."

நல்ல மனிதர். ஊரில் இருக்கிற நாட்கள் குறைவு என்பதால் நல்லவராகவே இருக்கிறார் என்று ஷம்ஸா சொல்வாள். அது வேறு கதை.

மூன்றாவது ஜாஹா வரப்போகிறது என்று தெரிந்தது. இந்த முறை தலைநகர் அம்மானிலிருந்து ஒரு முன்னாள் அமைச்சர். முன்னாள் அமைச்சர் கேட்டு மறுத்த வீடு இந்த மாவட்டத்தில் இல்லை. பந்தலுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். உம் லமீஸ் அதைப் பார்த்தபடி கடைவாசலில் நின்றாள். ஆலிவ் நசுக்குகிற கல் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். ஷம்ஸாவின் பேக்கரிக்குப் போனாள். அங்கிருந்து என் வீட்டுக்கு வந்தாள். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வாங்க, நாம ஜாஹா போறோம் என்றாள்.

பெண்கள் ஜாஹா போனதில்லை. போகக்கூடாது என்று எங்கேயும் எழுதியும் இல்லை, யாருக்கும் தோன்றாததால் யாரும் தடுத்து வைக்கவில்லை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நடந்து போனோம். எனக்கு முழங்கால் வலி. ஷம்ஸாவின் கையெல்லாம் மாவு. ரோட்டைக் கடக்கும்போது நடப்பவர்களுக்கான விளக்குப் பச்சையாகும்வரை எல்லாரும் நின்றோம், அதில் மட்டும் உம் லமீஸ் கண்டிப்பாக இருந்தாள்.

நிலையத்தில் மேஜரின் அறைக்குள் போய் உட்கார்ந்தோம். பெஞ்சு போதாமல் பாதிப் பேர் தரைவிரிப்பில். கார்ப்பரல் உத்பா, கைப்பழக்கம், குடுவையை எடுத்து எல்லாருக்கும் காபி ஊற்றிவிட்டார். ஊற்றிய பிறகுதான் நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்தார். உம் லமீஸ் கோப்பையைத் தரையில் வைத்தாள். ஷம்ஸா வைத்தாள். நான் குனிய முடியாமல் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன்.

உத்பா குடுவையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மேஜரின் முகத்தை நான் பார்த்தேன். ஆயுதம் தாங்கிய ஆட்களைப் பார்த்திருந்தால்கூட அவருக்கு அப்படி வேர்த்திருக்காது.

"இது அரசாங்க அலுவலகம், தங்கச்சி. வீடு இல்ல. இங்க இந்தப் பழக்கமெல்லாம் செல்லாது. சட்டத்துல ஜாஹான்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"அதைத்தான் மேஜர், எங்க வீட்டுல உட்கார்ந்து சொல்லியிருக்கணும்."

என்ன வேண்டும் என்று மேஜர் கேட்டார். புகார் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றாள் அவள். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றாள். அது தன் கடமை என்றும், கடமையை யாரும் கேட்டு வந்து தான் செய்ததாக ஆகிவிடக்கூடாது, அது சட்டத்துக்கு இழுக்கு என்றும், ஆகவே நீங்கள் கேட்டதாலேயே இப்போது செய்ய முடியாமல் இருக்கிறது என்றும் அவர் விளக்கினார். கேட்காமல் இருந்தபோது ஏன் செய்யவில்லை என்று ஷம்ஸா கேட்டாள். அப்போது யாரும் கேட்கவில்லையே என்றார் மேஜர்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பாஸ்போர்ட் விஷயமாக வந்தவர்கள், ஆடு காணாமல் போனவர்கள், சண்டை போட்டவர்கள் எல்லாரும் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். தரையில் நிறைந்த கோப்பைகளைப் பார்த்ததும் தங்கள் வழக்கை மறந்துவிட்டு, செய்தியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மேஜரின் கைப்பேசி அடித்தது. அவருடைய தாயார். அந்த அம்மாளின் குரல் கைப்பேசிக்கு வெளியேயும் நன்றாகக் கேட்கும்.

"உன் இடத்துக்கு வந்த பொம்பளைங்க கோப்பையைத் தரையில வச்சிட்டு உக்கார்ந்திருக்காங்களாமே, கலஃப். நான் செத்தப்புறம் நடக்க வேண்டியது இது. உயிரோட இருக்கும்போதே பார்க்க வச்சிட்டியே."

மேஜர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சரி யம்மா, சரி யம்மா என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உத்பாவிடம் புகாரை எடுத்துவரச் சொன்னார். எங்கள் கண்முன்னால் முத்திரை குத்தி, கோர்ட்டுக்குப் போகிற பையில் போட்டார். நெஞ்சில் கைவைத்து, முறைப்படி, எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"குடிங்க. கேட்டது கொடுத்தாச்சு."

குடித்தோம். பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது.

வெளியே வந்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள், ஒருத்தி குலவைகூட இட்டாள். உம் லமீஸ் சிரிக்கவில்லை. வேகமாக நடந்தாள். என்னடி, ஜெயித்தாயிற்றே என்றேன் மூச்சு வாங்க. நின்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"என்னத்த ஜெயிச்சோம், பெரியம்மா? சட்டத்தை வாங்கிட்டு வந்தோமா, பிச்சை வாங்கிட்டு வந்தோமா? அவருக்கு அம்மா இல்லாம இருந்திருந்தா?"

ஒன்று சொல்கிறேன், கண்மணிகளே. ஒழுங்கு தெரியாதவள் என்று ஊரே சொன்ன அவள் ஒருத்திதான் அந்த ஊரில் பச்சை விளக்குக்காக எங்களை நிறுத்தியவள்.

முன்னாள் அமைச்சர் வீணாகவில்லை. ஜாஹா திசை மாறி நீதிபதியின் வீட்டுக்குப் போனது. அமைச்சர், ஷேக், நகராட்சித் தலைவர் எல்லாரும். மேஜரும் போனார், அன்று அவர் விடுமுறையில் இருந்தார். செய்தி கேட்டு உம் லமீஸ் கடையைப் பாதியில் மூடினாள். லமீஸ் பையைப் பரணில் தூக்கி வைத்துவிட்டாள்.

நீதிபதி வேறு மாவட்டத்துக்காரர், ஒல்லியான மனிதர். வந்தவர்களை உட்காரவைத்தாராம். அவருக்கு வயிற்றுப்புண். டாக்டர் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் காபியே கிடையாது. ஆகவே எல்லாருக்கும் பெரிய கண்ணாடி டம்ளரில் சோம்புக் கஷாயம் கொடுத்தார்.

ஜாஹா டம்ளரைப் பார்த்தது. சோம்புக் கஷாயத்தைத் தரையில் வைப்பதா, கையில் வைத்திருப்பதா? முன்னோர் அதற்கு வழி சொல்லிவிட்டுப் போகவில்லை. ஷேக் மிஸ்லிஹ் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சருக்கும் வயிறு சரியில்லை போலிருக்கிறது, பயணம் நீளம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டார். அமைச்சர் குடித்த பிறகு மற்றவர்கள் குடிக்காமல் இருப்பது மரியாதையா? எல்லாரும் குடித்தார்கள். நல்லது, வயிற்றுக்கு இதம், வந்ததற்கு நன்றி என்று நீதிபதி எழுந்து வழியனுப்பிவிட்டார். குடித்த பிறகு கேட்க ஒன்றும் இல்லை. அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது என்கிறார்கள். தெரியும் என்கிறாள் ஷம்ஸா.

தீர்ப்பு வந்தது. ராகானின் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தார்கள், வண்டியையும் பிடித்து வைத்தார்கள். அடுத்த சட்ட ஒழுங்கு வாரத்தில் மேஜர் கலஃப் இந்த வழக்கை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பேசினார். சட்டத்தின் கை நீளம், அது யாரையும் விடாது என்றார்.

லமீஸும் அந்த வெயிலில்தான் நின்று கைதட்டினாள். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலுக்கு வந்தாள். நடப்பவர்களுக்கான விளக்குப் பச்சையாக இருந்தது, ரோடு காலியாக இருந்தது. ஆனாலும் அவள் நடைபாதை ஓரத்தில் நின்று, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். கடைவாசலிலிருந்து தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றும் அந்தப் பெண் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் கடக்கிறாள்.

சரி, கண்மணிகளே, எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் பிள்ளைகள் முழுக்காலோடு வீடு திரும்பட்டும். உங்கள் வீட்டுக் காபி என்றும் சூடாகவே இருக்கட்டும், அதைக் குடிக்க வருகிறவர்கள் குடிக்கவே வரட்டும். நியாயம் கேட்டு நீங்கள் யார் வாசலுக்கும் போகாதபடி இறைவன் காப்பாற்றட்டும். போகத்தான் வேண்டியிருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நல்ல மனசைக் கொடுக்கட்டும். அது கிடைக்காவிட்டால், ஒரு வயிற்றுப்புண்ணையாவது கொடுக்கட்டும்.